பன்னிரண்டு படங்களின் கணக்கு: தமிழ்நாட்டுத் திருமண ஒளிப்படத் தொழிலில் தேர்வறிவின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்நாட்டில் திருமண ஒளிப்படம் பற்றிய பேச்சு பெரும்பாலும் கருவிகளின் வளர்ச்சியைப் பற்றியதாகவே அமைந்துள்ளது. கண்ணாடித் தகடு போய்ச் சுருள் வந்தது, கறுப்பு வெள்ளை போய் வண்ணம் வந்தது, சுருள் போய் டிஜிட்டல் வந்தது என்பதே அப்பேச்சின் சாரம். இக்கட்டுரை அவ்வரலாற்றை வேறொரு பக்கத்திலிருந்து அணுகுகிறது. ஒரு ரோலில் பன்னிரண்டு படங்களே எடுக்க முடிந்த காலத்தில், எதை எடுப்பது, எதை விடுவது என்ற முடிவைத் தொழில்முறைக் கலைஞர் சடங்கு நடக்கும்போதே, சில வேளைகளில் அதற்கு முன்பே எடுக்க வேண்டியிருந்தது. அந்த அறிவு கேமராவைப் பற்றியதாக இருந்ததைவிடத் திருமணத்தைப் பற்றியதாகவே இருந்தது. இக்கட்டுரை அதைத் ‘தேர்வறிவு’ எனக் குறிக்கிறது. அது உருவான முறையையும், வீடியோவும் டிஜிட்டலும் வந்தபின் இடம்பெயர்ந்த விதத்தையும், பொழுதுபோக்காகப் படம் எடுப்போர் அதிலிருந்து பெறத்தக்கவற்றையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: திருமண ஒளிப்படம், ஸ்டுடியோ, கரணம், தேர்வறிவு, நெகட்டிவ், ஆல்பம், சான்று

முன்னுரை

தமிழில் திருமணத்தை நிகழ்ச்சி வரிசையாகப் பதிவு செய்யும் மரபு பழமையானது. அகநானூற்றின் 86ஆம் பாடலில் நல்லாவூர் கிழார் பந்தல், மணல் பரப்பிய முற்றம், விளக்கு, நல்ல நாள், மணமகளை நீராட்டும் மகளிர் எனக் காட்சிகளை அடுக்குகிறார். அதே தொகையின் 136ஆம் பாடலிலும் இவ்வகை அடுக்கு உண்டு. இரண்டு பாடல்களுமே மணநாளின் எல்லாவற்றையும் சொல்வதில்லை. சிலவற்றைத் தேர்ந்து, அவற்றால் முழு நாளையும் உணர்த்துகின்றன. தொல்காப்பியம் ‘கரணம்’ எனக் குறிக்கும் மணச்சடங்கைக் காட்சிகளாகப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் கேமராவோடு தோன்றியதன்று என்பதற்காக மட்டுமே இங்கு இது சுட்டப்படுகிறது.

இந்திய ஒளிப்பட வரலாறு குறித்து ஜூடித் மாரா குட்மன் 1982இல் வெளியிட்ட ‘த்ரூ இந்தியன் ஐஸ்’ நூலும், மத்தியப் பிரதேசத்தின் நாக்தா நகரத்தைக் களமாகக் கொண்ட கிறிஸ்டோபர் பின்னியின் ‘கேமரா இண்டிகா’ (1997) நூலும் பலராலும் எடுத்தாளப்படுபவை. தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களின் பழைய படங்களை மின்வடிவில் பதிவு செய்யும் பணியைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டத்தின் துணையோடு மேற்கொண்டது. இம்முயற்சிகளில் படமும் அதில் இருப்பவர்களும் பேசுபொருளாகியுள்ள அளவுக்கு, படம் எடுத்தவரின் வேலைமுறை பேசுபொருளாகவில்லை. அவர் எங்கே நின்றார், எப்போது அழுத்தினார், ஏன் அப்போது அழுத்தினார் என்ற கேள்விகள் படத்துக்கு வெளியே நிற்கின்றன.

ஸ்டுடியோவுக்குச் சென்ற மணமக்கள்

ஒளிப்பட முறை 1839இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. பதினேழு ஆண்டுகளுக்குள், 1856இல், சென்னையில் ஒளிப்படச் சங்கம் தொடங்கப்பெற்றது. கலைப்பள்ளியை நிறுவிய அலெக்சாண்டர் ஹண்டர் அதில் முன்னின்றார். அதே காலத்தில் லின்னேயஸ் டிரைப் சென்னை அரசின் ஒளிப்படக் கலைஞராக அமர்த்தப்பட்டு மதுரை, தஞ்சாவூர்க் கோயில்களைப் பதிவு செய்தார். கோயில்கள் அசையாதவை. அன்றைய ஈரத்தகட்டு முறைக்கு அதுவே தேவையாக இருந்தது. தகட்டில் ரசாயனம் பூசி, ஈரம் உலர்வதற்குள் படம் எடுத்து, உடனே அதைத் துலக்க வேண்டும் என்பதால், முகூர்த்த வேளையில் மணமேடை அருகே அக்கருவியைக் கொண்டு செல்வது எண்ணிப் பார்க்க இயலாத செயல்.

எனவே படம் எடுக்க மணமக்களே ஸ்டுடியோவுக்குச் சென்றனர். திருமணம் முடிந்து சில நாட்களோ வாரங்களோ கழித்து, மணப்பட்டை மீண்டும் உடுத்தி, தீட்டப்பட்ட திரைச்சீலை முன் அமர்ந்தனர். ஒருவர் நாற்காலியில் அமர, மற்றவர் அருகில் நிற்பது வழக்கம். மேசையில் ஒரு பூச்சாடியோ புத்தகமோ இருக்கும். நல்ல வெளிச்சத்துக்காக வடக்குப் பக்கம் கண்ணாடிக் கூரை அமைந்த அறைகள் விரும்பப்பட்டன. சென்னையின் வீல் அண்ட் கிளைன், 1910இல் தொடங்கப்பெற்ற ஜி. கே. வேல் போன்ற நிறுவனங்கள் பெருநகரில் புகழ்பெற்றன. சிறுநகரங்களில் பெயர் தெரியாத எண்ணற்ற ஸ்டுடியோக்கள் இதே வேலையைச் செய்தன.

இக்காலத்துப் படங்களைப் படிப்பவர் ஒன்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும். அன்று பரவலாகப் பயன்பட்ட தகடுகள் சிவப்பு நிறத்தை உணராதவை. சிவப்பு அவற்றில் கறுப்பாகவே பதியும். ஆகவே நெற்றிக் குங்குமம் கரும்பொட்டாகவும், அரக்குச் சிவப்புக் கூறைப்பட்டு கருஞ்சேலையாகவும் தெரிகின்றன. நிறங்கள் அனைத்தையும் உணரும் தகடு 1906 அளவில் விற்பனைக்கு வந்தபோதும் விலையும் இருட்டறைச் சிக்கலும் காரணமாகப் பழைய வகை நெடுங்காலம் நீடித்தது. பழைய படங்களில் மணமகளின் ஆடை நிறத்தை வைத்துச் சமூக முடிவுகளுக்கு வருவோர் இதனை மறந்துவிடுவதுண்டு.

ஸ்டுடியோப் படத்தில் சடங்கு இல்லை. தாலி இருக்கிறது, தாலி கட்டுதல் இல்லை. திருமணம் நடந்து முடிந்தது என்பதை அறிவிக்கும் படம் அது.

பந்தலுக்கு வந்த கேமரா

உலர்தகடு, சுருள், மின்னொளி ஆகிய மூன்றும் கேமராவை ஸ்டுடியோவிலிருந்து வெளியே கொண்டுவந்தன. மக்னீசியப் பொடியை எரித்து ஒளி பெறும் முறை 1887இல் அறிமுகமானது. புகையும் தீப்பொறியும் எழும் அம்முறை ஓலைப் பந்தலுக்கு உகந்ததன்று. 1930ஐ ஒட்டிக் கண்ணாடிக் குமிழுக்குள் எரியும் பிளாஷ் பல்புகள் மேலைநாடுகளில் விற்பனைக்கு வந்தன. ஒரு பல்பு ஒரு படத்துக்கு மட்டுமே பயன்படும். எரிந்த பல்பைச் சூடு ஆறுவதற்குள் துணியால் பிடித்துக் கழற்றி, அடுத்ததைச் செருக வேண்டும்.

விடுதலைக்குப் பிந்தைய பத்தாண்டுகளில் திருமண வீட்டுக்குப் போட்டோகிராபரை அழைப்பது வசதியுள்ள குடும்பங்களின் வழக்கமாயிற்று. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இறக்குமதிச் சுருள்கள் அரிதாகவும் விலை மிகுந்தும் இருந்தன. உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பெற்ற இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனம் பிரெஞ்சு நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்ப உதவியுடன் 1967 முதல் ‘இந்து’ என்னும் பெயரில் கறுப்பு வெள்ளைச் சுருள்களையும் தாள்களையும் உற்பத்தி செய்தது. தமிழ்நாட்டுத் திருமணங்களில் கணிசமானவை நீலகிரியில் பூசப்பட்ட வெள்ளி உப்பில் பதிந்தவை என்பது உள்ளூர்த் தொழில் வரலாற்றில் உரிய இடம் பெறாத செய்தி.

பன்னிரண்டின் கணக்கு

ஸ்டுடியோக்களில் நிலைபெற்ற கேமரா, மேலும் கீழுமாக இரு வில்லைகள் கொண்ட வகையைச் சேர்ந்தது. ரோலிபிளெக்ஸ் அதன் முன்னோடி. விலை குறைந்த யாஷிகா மாட் பரவலாகப் புழங்கியது. இவ்வகைக் கேமராவில் 120 எண் சுருளைப் போட்டால் ஆறு சென்டிமீட்டர் சதுர அளவில் பன்னிரண்டு படங்கள் கிடைக்கும். மார்பளவில் கேமராவைத் தாங்கி, மேலிருந்து குனிந்து பார்க்க வேண்டும். தெரியும் உருவம் இடவலம் மாறியிருக்கும். மணமகன் வலப்பக்கம் நகர்ந்தால் கண்ணாடியில் இடப்பக்கம் நகர்வான். புதிதாகப் பழகுவோர் முதலில் தடுமாறும் இடம் இது.

பன்னிரண்டு என்ற எண் வெறும் தொழில்நுட்ப அளவு அன்று. ஒரு எளிய திருமணத்துக்கு மூன்று ரோல் பேசப்பட்டால் மொத்தம் முப்பத்தாறு படங்கள். அவற்றுள் குரூப் போட்டோக்கள் பாதியை விழுங்கிவிடும். எஞ்சியவற்றில் மாலை மாற்றல், தாலிக்கு ஆசி பெறுதல், தாலி கட்டல், நாத்தனார் முடிச்சு, தீ வலம் வருதல், அம்மி மிதித்தல், அருந்ததி பார்த்தல், குடத்தில் மோதிரம் தேடுதல் எல்லாம் அடங்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. கரணத்தின் எந்தக் கூறு படமாகத் தக்கது என்ற பட்டியல் எந்த நூலிலும் எழுதப்படாமல் ஸ்டுடியோக்களின் இந்தக் கணக்கிலிருந்து உருவாயிற்று. பின்னர் வந்த ஆல்பங்களும் வீடியோக்களும் அப்பட்டியலையே பின்பற்றின. இன்று ‘திருமணத்தின் முக்கியத் தருணங்கள்’ என எவரும் கேளாமலே சொல்பவற்றில் பெரும்பகுதி அந்தப் பட்டியல்தான்.

ரோல் மாற்றுவதற்கும் கணக்கு உண்டு. பின்மூடியைத் திறந்து, காலிச் சுருள்கட்டையை மேலே மாற்றி, புதிய சுருளின் காகித முனையைச் செருகி, அம்புக்குறி நேராக வரும்வரை சுற்றி மூட, பழகிய கைக்கும் ஒரு நிமிட அளவு ஆகும். தாலி கட்டும் வேளையில் பன்னிரண்டாவது படம் முடிந்து போனால் அந்தத் திருமணத்துக்குத் தாலி கட்டிய படமே இராது. ஆதலால் தேர்ந்தவர், எட்டோ ஒன்பதோ படங்கள் ஆகியிருக்கும் நிலையில், முகூர்த்தத்துக்கு முன்பே மீதியை எடுத்துத் தீர்த்துவிட்டுப் புதிய ரோலைப் போட்டுக்கொள்வார். நாதஸ்வரக் குழுவினர், பந்தல் முகப்பு, சமையற்கட்டு, முன்வரிசையில் உறங்கும் குழந்தை போன்ற படங்கள் சில பழைய ஆல்பங்களில் முகூர்த்தப் படத்துக்குச் சற்று முன்னால் அமைந்திருப்பதற்கு இதுவே காரணம் எனக் கருத இடமுண்டு. அப்படியாயின், இன்று சமூக வரலாற்று ஆய்வாளருக்கு மிகவும் பயன்படும் அப்படங்கள் ரோலைத் தீர்ப்பதற்காக எடுக்கப்பட்டவை.

கெட்டிமேளமும் பிளாஷும்

முகூர்த்தம் பெரும்பாலும் விடியலில் அமையும். வெளிச்சம் குறைவு, ஓமப்புகை அடர்த்தி, சுற்றிலும் கூட்டம். தாலி கட்டும் செயல் சில நொடிகளே நீடிக்கும். மின்னணு பிளாஷ் ஒருமுறை மின்னியபின் மீண்டும் நிரம்பப் பல நொடிகள் வேண்டும். அதாவது, மாங்கல்யதாரணத்துக்கு ஒரு படம்தான். அது தவறினால் அடுத்தது, கட்டி முடித்த கையாகத்தான் இருக்கும்.

இந்நிலையில் தொழில்முறைக் கலைஞர் கண்ணைவிடக் காதையே நம்பினார். ‘கெட்டிமேளம்’ என்ற குரலும் அதைத் தொடர்ந்து எழும் தவிலின் முழக்கமும் அவருக்கு அறிகுறி. அட்சதை கைகளிலிருந்து கிளம்பிக் காற்றில் இருக்கும் நொடிக்கு முன்பே அழுத்த வேண்டும். பின்பு அழுத்தினால் மணமக்களின் முகத்துக்கு முன்னால் பறக்கும் அரிசி பிளாஷ் ஒளியில் வெள்ளைப் புள்ளிகளாகப் பதியும். அதற்கு முன்பே தூரம் கணக்கிடப்பட்டிருக்க வேண்டும். பிளாஷின் வழிகாட்டி எண்ணைத் தூரத்தால் வகுத்தால் வில்லைத் திறப்பு கிடைக்கும். எண் 28 என்றால், மூன்றரை மீட்டரில் எஃப் 8, ஐந்து மீட்டரில் எஃப் 5.6, ஏழு மீட்டரில் எஃப் 4. மணையிலிருந்து தாம் நிற்குமிடம் வரை அடியெடுத்து எண்ணி வைத்துக்கொண்டவருக்கு அளவுகருவி தேவைப்படவில்லை. வெள்ளை வேட்டியும் சரிகையும் ஒளியைத் திருப்பி அடிப்பவை. மாநிறமும் கருநிறமும் ஒளியை உள்வாங்குபவை. இரண்டுக்கும் இடையில் முகத்துக்குச் சாதகமாகக் கணக்கிட்டு, வேட்டியின் மடிப்புகளை இருட்டறையில் காப்பாற்றிக்கொள்வது வழக்கம்.

நிற்குமிடமும் முன்முடிவுக்குரியது. மணமகன் கைகளை மணமகளின் கழுத்துக்குப் பின்னால் கொண்டு செல்லும்போது அவனது புயம் அவள் முகத்தை மறைக்கும் பக்கம் ஒன்று உண்டு. புரோகிதர் அமரும் பக்கம் ஒன்று உண்டு. முடிச்சிடக் குனியும் நாத்தனார் வரும் பக்கம் ஒன்று உண்டு. இம்மூன்றையும் தவிர்த்தபின் எஞ்சும் ஓரிரு சாண் இடத்தைக் கெட்டிமேளத்துக்கு வெகுநேரம் முன்பே பிடித்துக்கொள்பவரே படம் எடுத்தார். இதற்குச் சாதிக்குச் சாதி, ஊருக்கு ஊர் மாறும் சடங்கு முறை தெரிந்திருக்க வேண்டும். தேவாலயத்தில் எந்த இடம் வரை செல்லலாம், நிக்காஹ்வில் மணமகனும் மணமகளும் தனித்தனி இடங்களில் இருக்கையில் எங்கே யாரை எடுக்கலாம் என்பனவும் தெரிந்திருக்க வேண்டும். உதவியாளராகப் பிளாஷ் தூக்கி நின்ற ஆண்டுகளில் இந்த அறிவு கைமாறியது. கேமராவைத் தொடவிடாமலே ஈராண்டு, மூவாண்டு நிற்க வைப்பதைச் சுரண்டல் என்றும் சொல்லலாம், பயிற்சி என்றும் சொல்லலாம். இரண்டுமாகவே அது இருந்தது.

வரிசையில் நின்றவர்களும் நிற்காதவர்களும்

குரூப் போட்டோ வேறு வகைத் திறன். நாற்காலியில் யார், பின்னால் நிற்பது யார், தரையில் யார் என்பதை மேலோட்டமாகப் பார்த்தால் போட்டோகிராபர் முடிவு செய்வதாகத் தோன்றும். உண்மையில் அவர் குடும்பத்தின் மரியாதை வரிசையைப் படித்து அதற்கு வடிவம் கொடுத்தார். தாய்மாமன் வராமல் படம் எடுத்துவிட்டால் அது பல ஆண்டு மனத்தாங்கலாகும் என்பதை அவர் அறிவார். எனவே யாரை அழைப்பது எனக் கேட்டுச் சொல்ல, பெண் வீட்டில் ஒருவரையும் மாப்பிள்ளை வீட்டில் ஒருவரையும் முதல்நாளே பிடித்து வைத்துக்கொள்வார்.

இதன் மறுபக்கம் வருத்தம் தருவது. மங்கல நிகழ்வில் கைம்பெண்கள் முன்னிற்கலாகாது என்ற வழக்கம் மேடையில் இருந்ததுபோலவே படத்திலும் இருந்தது. பெற்ற மகனின் முகூர்த்தப் படத்தில் தாய் தூணோரம் பாதி உருவமாக, அல்லது அறவே இல்லாமல் போவது அதனால் நேர்ந்தது. மேடையை ஒழுங்கு செய்தவர் அந்த விலக்கத்தை உருவாக்கவில்லை. ஆயினும் அதைச் சட்டகமிட்டு நிலைநிறுத்தியது அவரது கேமரா. பிந்தைய குரூப் படத்தில் அதே தாயை நடு நாற்காலியில் அமர்த்தியவர்களும் அதே தொழிலைச் சேர்ந்தவர்கள்தாம். ஒரே ஆல்பத்தில் இரண்டு படங்களையும் அடுத்தடுத்துக் காணும் ஆய்வாளர், இரண்டாவதில் யாருடைய முடிவு செயல்பட்டது எனக் கேட்பது பயன்தரும்.

சான்றாகும் படம்

சுயமரியாதைத் திருமணங்கள் இத்தொழிலுக்கு ஒரு புதிய கேள்வியை முன்வைத்தன. புரோகிதரும் தீயும் இல்லாத, சில வேளைகளில் தாலியும் இல்லாத மணவிழாவில் முகூர்த்தப் படம் எது? மேடை நடுவே தலைவர் நிற்க, மணமக்கள் மாலை மாற்றும் காட்சி அவ்விடத்தைப் பிடித்தது. ஒலிவாங்கி மணப்படத்தின் பகுதியாயிற்று.

அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1967இல் நிறைவேற்றப்பட்டு 1968 சனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டம், இந்துத் திருமணச் சட்டத்தில் 7அ பிரிவைச் சேர்த்தது. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாக அறிவித்தல், மாலை மாற்றல் அல்லது மோதிரம் அணிவித்தல், தாலி கட்டல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றால் திருமணம் செல்லுபடியாகும் என்று அது கூறியது. முன்னர் நடந்த அத்தகைய திருமணங்களுக்கும் அது ஏற்பு வழங்கியது. கவனித்தால், அச்சட்டம் குறிப்பிடும் செயல்களில் அறிவித்தலைத் தவிர மற்றவை ஒவ்வொன்றும் ஒரே படத்தில் அடங்கக்கூடிய செயல். ஏழடி நடத்தலை ஒரு படத்தில் காட்ட இயலாது. மாலை மாற்றலைக் காட்ட இயலும். சட்டம் இயற்றியோர் ஒளிப்படத்தை எண்ணினர் என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் மணத்தின் சான்று என்ற நிலைக்கு ஒளிப்படம் உயர்ந்ததில் இதற்குப் பங்கு உண்டு எனலாம்.

மணம் நடந்ததா என்பதே வழக்காகும்போது இதன் எடை தெரியும். முதல் மனைவி இருக்கையில் இரண்டாம் மணம் செய்ததாகக் குற்றம் சாட்டப்படும் வழக்குகளில், இரண்டாம் மணம் முறைப்படி நடந்தது என்பதை மெய்ப்பிக்கும் சுமை வழக்குத் தொடுப்பவர் மீதே விழுகிறது. தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் 2001இல் உச்ச நீதிமன்றம், ஏழடி நடக்கவில்லை என்பதால் மட்டும் மணம் இல்லை என்றாகாது, 7அ பிரிவின்படி தாலி கட்டியதே போதும் என்று கொண்டது. தாலி கட்டிய அந்த நொடியின் படம் ஒரு பெண்ணுக்கு என்னவாக இருக்கும் என்பதை இதிலிருந்து உய்த்துணரலாம். நீதிமன்றங்கள் படத்தை எளிதில் ஏற்பதில்லை. நெகட்டிவைக் கொண்டுவர வேண்டும், எடுத்தவர் சாட்சிக் கூண்டில் ஏற வேண்டும் என்பது நெடுநாள் நடைமுறை. டிஜிட்டல் பதிவுக்கு நெகட்டிவ் இல்லாததால், அதற்குரிய சான்றிதழைச் சட்டம் கேட்கிறது.

வீடியோ வெளிச்சம்

1980களில் வண்ணத் தொலைக்காட்சியோடு வி.எச்.எஸ். கேமராவும் திருமண வீட்டுக்குள் நுழைந்தது. ஆயிரம் வாட் ஹாலஜன் விளக்கைத் தூக்கிப் பிடிக்க லைட் பாய் ஒருவர் வந்தார். மணமக்களின் முகத்தில் வியர்வை வழிந்தது. கறுப்பு வெள்ளை இருட்டறைகள் மெல்ல மூடப்பட்டன. வண்ணச் சுருள்கள் கலர் லேப்களுக்குச் சென்றன. 35 மில்லிமீட்டர் சுருளில் முப்பத்தாறு படங்கள் கிடைத்தன. பன்னிரண்டின் நெருக்கடி தளர்ந்தது.

ஆயினும் இக்காலத்தின் முதன்மை மாற்றம் எண்ணிக்கையில் இல்லை, நேரத்தில் உள்ளது. பழைய கலைஞர் சடங்கின் நேரத்துக்குத் தம்மைப் பொருத்திக்கொண்டார். வீடியோ சடங்கையே தன் நேரத்துக்குப் பொருத்தியது. தாலியைக் கழுத்தருகே கொண்டு சென்று, நிறுத்தி, கேமராவைப் பார்த்துப் புன்னகைத்து, பிறகு கட்டும் மணமகன் இக்காலத்தில் பிறந்தவன். மெட்டி அணிவித்தலும் மோதிரம் தேடுதலும் இரண்டாம் முறை நடத்தப்பட்டன. புரோகிதரின் குரலோடு ‘ஒரு நிமிஷம், இப்படிப் பாருங்க’ என்ற இன்னொரு குரலும் கரணத்தின் பகுதியாயிற்று. பின்னர் மிக்சிங் நிலையத்தில் திரைப்பாடலும் இதயவடிவச் சட்டங்களும் சேர்க்கப்பட்டன. இப்பதிவுகளைக் கேலி செய்வது எளிது. ஒலியைப் பதிவு செய்த முதல் திருமண ஆவணங்கள் அவை என்பதும், பல வீடுகளில் மறைந்த பாட்டியின் குரல் அந்த நாடாவில் மட்டுமே இருக்கிறது என்பதும் கேலி செய்வோர் மறப்பவை.

தேர்வு இடம்பெயர்தல்

2000க்குப் பின் வந்த டிஜிட்டல் கேமராக்கள் படத்தின் விலையை ஏறத்தாழ இல்லாமல் செய்தன. ஒரு திருமணத்துக்கு ஆயிரக்கணக்கில் படங்கள் எடுப்பது இயல்பாயிற்று. 2008இல் வெளிவந்த கேனன் 5டி மார்க் 2 போன்ற கருவிகள் ஒளிப்படத்தையும் வீடியோவையும் ஒரே கைக்குள் கொணர்ந்தன. ‘கேண்டிட்’ என்ற சொல் தொழிலின் பிரிவாகவே மாறியது. மேடையை ஒழுங்கு செய்யும் ‘டிரெடிஷனல்’ கலைஞர் ஒருவர், தொலைவிலிருந்து இயல்பான முகபாவங்களைத் தேடும் ‘கேண்டிட்’ கலைஞர் ஒருவர், வீடியோவுக்கு ஒருவர், டிரோனுக்கு ஒருவர் எனக் குழு விரிந்தது. கேண்டிட் படத்தை இயல்பின் மீட்சி என விளம்பரங்கள் சொல்கின்றன. அதற்கான வெளிச்சம், இடம், மணமகளின் அறையில் ஒதுக்கப்படும் நேரம் அனைத்தும் முன்கூட்டியே பேசப்படுபவை என்பதால் அக்கூற்றை அப்படியே ஏற்க இயலாது.

தேர்வு மறையவில்லை, இடம்பெயர்ந்தது. முன்பு மணமேடையருகே நொடியில் நிகழ்ந்தது, இப்போது கணினி முன் இரவுகளில் நிகழ்கிறது. ஆயிரக்கணக்கான படங்களிலிருந்து ஆல்பத்துக்குரிய நூற்றுச் சொச்சத்தைத் தேர்வது, திருமணத்தில் இல்லாத ஒரு வடிவமைப்பாளரின் வேலையாகவும் ஆகிவிடுகிறது. அழகாக விழுந்த முகம் எது என்பது அவருக்குத் தெரியும். பெரியம்மா யார் என்பது தெரியாது. பழைய ஆல்பத்தில் படம் சுமாராக இருந்தாலும் ஆள் விடுபடவில்லை. புதிய ஆல்பத்தில் படம் நன்றாக இருந்தும் ஆள் விடுபட்டுப் போகும் முரண் இதனால் விளைகிறது.

கற்பவர் பெறத்தக்கவை

பொழுதுபோக்காகப் படம் எடுப்போர் தமிழ்நாட்டில் இக்காலத்தில் தோன்றியவர்கள் அல்லர். இந்தியாவிலேயே ஆக்கப்பட்ட ஆக்ஃபா கிளிக் 3 போன்ற எளிய கேமராக்களோடு திருமணங்களுக்குச் சென்ற உறவினர்கள் எடுத்த படங்கள், ஸ்டுடியோ ஆல்பத்தில் இடம்பெறாத பந்தியையும் கைகழுவும் இடத்தையும் காத்து வைத்துள்ளன. தொழில்முறையாளரோடு போட்டியிட்டு மணமேடையை எடுக்க முயன்றவை மங்கலாகப் போயின. அவர் செல்லாத இடங்களில் எடுத்தவை நிலைத்தன. கைப்பேசியோடு மேடைக்கு முன் எழுந்து நிற்கும் இன்றைய விருந்தினருக்கும் இது பொருந்தும்.

தொழில்முறையாளரின் வேலையிலிருந்து கற்கத்தக்கது எதுவெனக் கேட்டால், இவ்வரலாறு காட்டும் விடை கருவிப் பட்டியலாக இராது. நிகழ்ச்சி வரிசையை முதல்நாளே குடும்பத்தாரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்வது, மண்டபத்தை வெளிச்சம் வரும் திசையோடு ஒருமுறை நடந்து பார்ப்பது, முகூர்த்தத்துக்கு முன் மின்கலத்தையும் நினைவட்டையையும் மாற்றிவிடுவது ஆகியன பழைய ரோல் கணக்கின் இன்றைய வடிவங்கள். ஒலியைக் கேட்டு அழுத்தும் பழக்கம் எந்தக் கேமராவுக்கும் பொருந்தும். ஒரு மணிநேரத்துக்குப் பன்னிரண்டு படம் மட்டும் என வரம்பிட்டுக்கொண்டு பழகுவது, அழுத்தும் முன் எண்ணிப் பார்க்கும் வழக்கத்தை ஏற்படுத்தும். வேட்டியின் வெண்மையால் ஏமாறும் தானியங்கி அளவீட்டைத் திருத்தி முகத்துக்கு ஒளியளக்கும் முறை இன்றும் மாறவில்லை.

நெகட்டிவ் யாருடையது

1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, ஒருவர் கேட்டுக்கொண்டதற்கு இணங்கிப் பணம் பெற்று எடுக்கப்பட்ட ஒளிப்படத்தின் முதல் உரிமையாளர், மாறான ஒப்பந்தம் இல்லாதவரை, எடுக்கச் சொன்னவரே. நடைமுறையோ வேறு. நெகட்டிவ் ஸ்டுடியோவில் தங்கியது. காகித உறையில் தேதியும் பெயரும் எழுதப்பட்டு, பெட்டிகளில் அடுக்கப்பட்டது. மறுபடி பிரிண்ட் போடுவது ஸ்டுடியோவின் வருமானம் என்பதால் அது வைத்திருக்கப்பட்டது. வணிக நோக்கத்தில் வைக்கப்பட்டாலும் அது அந்த ஊரின் ஆவணக்காப்பகமாக இருந்தது.

அக்காப்பகங்கள் அழிந்த விதம் எளிது. கண்ணாடித் தகடுகள் சுரண்டப்பட்டுக் கண்ணாடியாகப் பயன்பட்டன. நெகட்டிவ்கள் வெள்ளி எடுப்போருக்கு எடைக்குச் சென்றன. கடை கைமாறியபோது, வாரிசு வேறு தொழிலுக்குப் போனபோது, மழைநீர் புகுந்தபோது எஞ்சியவையும் போயின.

ஊரில் ஒருவர் இறந்தால் உறவினர் அன்றே ஸ்டுடியோவுக்கு வருவர். இறந்தவருக்குத் தனிப்படம் இருப்பதில்லை. யாருடைய திருமணத்திலோ எடுத்த குரூப் போட்டோவில் மூன்றாம் வரிசையில் அவர் நின்றிருப்பார். தேதியைச் சொன்னால் உறையைத் தேடி எடுத்து, ஆறு சென்டிமீட்டர் சதுரத்தில் கடுகளவு இருக்கும் முகத்தைப் பெரிதாக்கி, பின்னால் நிற்பவரின் தோளைப் பென்சிலால் மறைத்து, மாலையிடத் தக்க படமாக மறுநாள் தருவார் ஸ்டுடியோக்காரர். இன்று திருமணப் பதிவுகள் பென்டிரைவில் குடும்பத்திடம் ஒப்படைக்கப்படுகின்றன. இடம் போதாமல் ஸ்டுடியோ தன் வட்டிலிருந்து அவற்றைச் சில மாதங்களில் அழித்துவிடுவதும் உண்டு. அதன்பின் மூன்றாம் வரிசையில் நின்றவரின் முகம் இருக்கும் ஒரே இடம், அவருக்கு உறவாகாத ஏதோ ஒரு வீட்டின் அலமாரி.